ரி. எம். சௌந்தரராஜனின் குரல் உங்களை எந்த முகாமுக்கு அழைத்துச் செல்கிறது?

சமிக்ஞைக்காரன் (வெள்ளவத்தை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 1965ஆம் ஆண்டில், இருபதாவது வயதில், இலங்கை இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவில் சேர்ந்து 12 ஆண்டுகள் பணியாற்றியவன். தமிழர்களும் அங்கே இருந்தார்களா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. இராணுவத்தின் முதலாவது இலங்கையத் தளபதியாக 1955இல் பொறுப்பேற்ற அன்ரன் முத்துக்குமாரு தமிழர்தான். நான் சேர்ந்தபோது கடற்படைத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமரும் தமிழர்தான். அந்தக் கணக்கை இன்னொரு நாள் பேசலாம். இப்போது எழுத வந்தது ஒரு குரலைப் பற்றி.

போன வெள்ளிக்கிழமை மாலை, காலி வீதியில் ஒரு கடையில் இடியப்பத்துக்காகக் காத்து நின்றேன். கடைக்காரர் தமது கைபேசியில் ரி. எம். சௌந்தரராஜனின் பாடலொன்றை ஒலிக்கவிட்டிருந்தார். ஆயிரம் முறை கேட்ட பாடல் அது, தெளிவாகத்தான் ஒலித்தது, மனதில் ஒன்றும் அசையவில்லை. இடையில் அவர், சொதி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கைபேசியைப் பிடித்தபடியே சமையலறைக்குள் போனார். குரல் தேய்ந்தது, ஒரு வரி முழுவதுமாக மறைந்தது, அவர் திரும்பி வரவர மீண்டும் மேலெழுந்து வந்தது. அந்த ஒரு வரி இல்லாமற்போன இடத்தில்தான் எனக்கு மன்னார் வந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் மணமும், கூடாரத்துணியின் ஈரமும், காதை இறுக்கிய ஹெட்போனின் வலியும் ஒன்றாக வந்தன. மீதிக் காசை எடுத்துக்கொண்டு இடியப்பப் பொதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

1967இல் சில மாதங்கள், இந்தியாவிலிருந்து வள்ளங்களில் களவாக வருவோரைத் தடுப்பதற்காக மன்னார்க் கரையில் நிறுத்தப்பட்டிருந்த அணியொன்றுடன் நான் சமிக்ஞையாளனாக இருந்தேன். இரவில் எங்கள் வானொலித் தொடர்புச் செட்டின் முன்னால் இருவர் இருப்போம். மணிக்கொரு தடவை தலைமையகத்துடன் தொடர்பைச் சரிபார்ப்பது தவிர, விடியும்வரை இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. என்னுடன் இருந்தவர் காலிப் பக்கத்துச் சிங்களவர். அவரைக் கோப்ரல் என்றே எழுதுகிறேன். தோல் உறை போட்ட சிறிய ட்ரான்சிஸ்டர் ஒன்று அவரிடம் இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையை மிகத் தாழ்வாக வைத்து, ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் சௌந்தரராஜனுமாக இருப்பார். அது ஒழுங்குவிதிக்கு மாறானது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கோப்ரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பொருள் வேண்டும். "மல்லி (சிங்களத்தில் தம்பி), இப்போது என்ன சொன்னார்?" என்று கேட்பார். சிற்றலையில் குரல் தேய்ந்து போகும் இடங்களில் எனக்கும் வரி கேட்பதில்லை. கேட்கவில்லை என்று சொல்லத் தன்மானம் இடம் கொடாது. ஆகவே நானே ஒரு வரியைக் கட்டிச் சொல்வேன். அந்த வகையில் கண்ணதாசனுக்கு நான் செய்த உபகாரங்கள் பல. அண்மையில் பேரன் யூடியூபில் ஒரு பாடலை எடுத்துத் தந்தபோது, பிரிந்துபோன காதலியைப் பற்றிய வரி என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் நினைத்திருந்தது உண்மையில் தாயைப் பற்றிய வரி என்று தெரியவந்தது. தவறு என் பக்கம்தான். ஆயினும் உண்மையான வரியைக் கேட்டபோது, யாரோ இடையில் புகுந்து மாற்றிப் பாடியதைப் போல இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு வள்ளமொன்றிலிருந்து பிடிபட்ட ஆறு பேரைக் கூடாரத்துக்கு வெளியே மணலில் உட்கார வைத்திருந்தார்கள். தமிழ் தெரிந்தவன் நான் என்பதால் அவர்களுடைய வாக்குமூலத்தை எழுத என்னை அழைத்தார்கள். சாரம் உடலோடு ஒட்டி, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ட்ரான்சிஸ்டரில் அடுத்த பாடலின் முன்னிசை தொடங்கியதும், அவர்களில் மூத்தவர், அறிவிப்பாளரை முந்திக்கொண்டு, படத்தின் பெயரைச் சொன்னார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. நான் அவருடைய ஊரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

என் எண்ணம் இது: நினைவைக் கொண்டுவருவது பாட்டு அன்று, அந்தப் பாட்டை நாம் கேட்ட விதம். துல்லியமான ஒலிப்பதிவு எனக்கு வெறும் பாட்டாகவே நின்றுவிடுகிறது. உங்கள் வீடுகளில் படையில் இருந்தவர்கள் உண்டா? அவர்களுக்கு எந்தக் குரல், எந்த இடம்?

வெலிங்டன் மகள் (பம்பலப்பிட்டி) எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் தமிழ்நாட்டில் பிறந்து கொழும்புக்கு மருமகளாக வந்தவள். என் அப்பா இந்திய இராணுவத்தின் மதராஸ் படையணியில் இருந்தவர். அதன் தலைமையகம் நீலகிரியில் உள்ள வெலிங்டனில் இருப்பதால் எங்கள் பிள்ளைப் பருவமும் அங்கேயே கழிந்தது.

அப்பாவுக்கும் சௌந்தரராஜன்தான். வடக்கே பனிப் பகுதியில் இருந்தபோது, விவித் பாரதியில் படைவீரர்களின் விருப்பப் பாடல்களுக்காக நடந்த ஜெய்மாலா நிகழ்ச்சியை முகாமில் எல்லோரும் கூடிக் கேட்பார்களாம். அதில் பெரும்பாலும் ஹிந்திப் பாடல்களே வரும் என்பதால், அது முடிந்த பிறகு தமிழ்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் தனியாகப் போய் உட்கார்ந்து தங்கள் பாட்டைத் தாங்களே பாடிக்கொள்வார்களாம். 1963இல் வந்த 'இரத்தத் திலகம்', சீனப் போருக்குப் போகும் ஒருவனின் கதை. அதில் கல்லூரியை விட்டுப் பிரியும்போது பாடும் பாடல் ஒன்று உண்டு. போர்க்காட்சிகள் எல்லாவற்றையும் விட அந்தப் பாடல்தான் அப்பாவை அழ வைக்கும். அவர் கல்லூரி வாசலை மிதித்தவரே இல்லை. பத்தாம் வகுப்போடு படையில் சேர்ந்தவர், கல்லூரிப் பிரிவுப் பாடலுக்கு ஏன் அழ வேண்டும் என்று அம்மா கேலி செய்வார். தம் அணியில் இருந்து திரும்பி வராத இரண்டு பேரை அவர் அந்தப் பாடலில் வைத்திருந்தார் என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் விளங்கியது.

ஆகவே, கேட்ட விதம்தான் முக்கியம் என்ற உங்கள் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அப்பாவும் நண்பர்களும் அந்தப் பாடலை வானொலியில் கேட்டதைவிட வாயால் பாடியதே அதிகம். அங்கே தேய்வும் இல்லை, இரைச்சலும் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

என் அண்ணர் 1968இல் தியத்தலாவையில் பயிற்சியில் இருந்தார். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அவருக்குப் பிடித்த சௌந்தரராஜன் பாடலைக் கேட்டு, அவர் பெயரும் முகாமின் பெயரும் எழுதி, 'நீங்கள் கேட்டவை' நிகழ்ச்சிக்குத் தபாலட்டைகள் அனுப்பினேன். ஒரே கையெழுத்தாக இருந்தால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் சிலவற்றை இடக்கையால் எழுதினேன். ஏழாவதோ எட்டாவதோ அட்டை எடுபட்டது. அறிவிப்பாளர் அண்ணரின் பெயரைப் பிழையாக வாசித்தார். ஊர் மட்டும் சரியாக இருந்தது. வீட்டில் எல்லோரும் கைதட்டினோம்.

அண்ணர் விடுமுறையில் வந்தபோது முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன். அவர் அந்த நேரம் சப்பாத்து மினுக்கவில்லை என்பதற்காகத் தண்டனை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தாராம். இப்போது அவர் இல்லை. அந்தப் பாடலை எங்கே கேட்டாலும், அவர் கேட்காத பாடலாகவே எனக்குக் கேட்கிறது.

பிறைவாசல் (தெமட்டகொடை) எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வாப்பா இராணுவத்தில் பார ஊர்திச் சாரதியாக இருந்தார். அவருக்குச் சௌந்தரராஜனைவிட நாகூர் ஹனீபா பெரியவர். 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்து ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களில், விளக்கை அணைத்துக்கொண்டு இரவில் லொறி ஓட்டியபோது, ஹனீபாவின் பாடலொன்றை வாய்க்குள் முணுமுணுத்தபடியே போனதாகச் சொல்லுவார். அந்த நாட்களைப் பற்றி அதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிற்காலத்தில் வாகனம் ஓட்டும்போது எந்தப் பாட்டையும் போட விடமாட்டார்.

அலைவரிசை (தெஹிவளை) எழுதியது:

நான் ஒலிபரப்புத் தொழில்நுட்பத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால், சமிக்ஞைக்கார ஐயா சொன்ன தேய்வைப் பற்றிக் கொஞ்சம் விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

பகலில் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள ஒரு மின்னூட்டப் படை, நடுத்தர அலைகளையும் தாழ்ந்த சிற்றலைகளையும் உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தப் படை கலைந்துவிடுவதால், அலைகள் இன்னும் உயரத்தில் உள்ள படையில் பட்டுத் திரும்பித் தூரத்தில் போய் விழுகின்றன. அப்படி விழும்போது ஒரே பாட்டு இரண்டு மூன்று வழிகளில் வந்து சேரும். அவை ஒன்றையொன்று கூட்டினால் குரல் எழும். ஒன்றையொன்று கழித்தால் வரி காணாமற்போகும். படை அசைந்துகொண்டே இருப்பதால் இந்த எழுச்சியும் வீழ்ச்சியும் நிற்பதில்லை. கோப்ரலுக்கு நீங்கள் கட்டிச் சொன்ன வரிகளுக்கெல்லாம் பொறுப்பு வானத்தில்தான் இருக்கிறது.

சௌந்தரராஜனின் குரல் அந்த இரைச்சலிலும் நின்றதற்குக் காரணம் உண்டு. சிற்றலையில் உயர்ந்த ஒலிகள் வெட்டுப்பட்டுவிடும். வயலின்களின் பளபளப்பும் தாளத் தகட்டின் ஓசையும் போய்விடும். நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். அவருடைய குரலின் பலம் முழுவதும் அந்த நடுப்பகுதியில்தான் இருந்தது. மெய்யெழுத்துகளை அழுத்திச் சொல்கிறவர் என்பதால் பாதி ஒலி போனாலும் சொல் நிற்கும். பி. பி. ஸ்ரீநிவாஸ் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அந்த மென்மை பனிமூட்டத்தில் போட்ட பட்டுத்துணியைப் போலக் கரைந்துவிடும். 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜி கணேசனுக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் பாடிய அதே மனிதர், நடிகருக்குத் தக்கபடி குரலை மாற்றினார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். இரைச்சலைத் தாண்டும் குரல் அது என்பதை வானொலிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நீங்கள் கூடாரத்தில் களவாகக் கேட்ட அந்த வானொலியே படையினரிடமிருந்து வந்ததுதான். 1920களில் கொழும்பில் எட்வேர்ட் ஹார்ப்பர் வானொலியைத் தொடங்கியபோது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைப் பயன்படுத்தினார் என்பது எங்கள் துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944இல் கண்டிக்கு வந்தது. படையினரின் வீட்டு ஏக்கத்தைத் தணிப்பதற்காக ரேடியோ சியக் என்ற நிலையம் இயங்கியது. அதற்காக ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து அது ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் திரும்பியதற்கு, படையினருக்காக நிறுவிய அந்தப் பரப்பியும் ஒரு காரணம்.

முச்சக்கரம் (வெள்ளவத்தை) எழுதியது:

இந்த இழையை மூன்று நாட்களாக வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை. ஆனால் சீருடையும் சௌந்தரராஜனும் என்றால் எனக்கு வரும் நினைவு வேறு என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

1999இல் எனக்கு வயது 17. வெள்ளவத்தையில் ரியூஷன் முடிந்து கொட்டாஞ்சேனைக்கு முச்சக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் தமிழர், வயதானவர். வானொலியில் சௌந்தரராஜன் பாடிக்கொண்டிருந்தார். அவரும் கூடவே பாடினார். சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். எட்டிப் பார்த்தவர் முதலில் கேட்டது அடையாள அட்டையை அன்று. பாட்டை நிறுத்தச் சொன்னார். வண்டிக்காரர் நிறுத்தினார். பிறகு என்னை இறக்கி, புத்தகப் பையைக் கொட்டி, பொலிஸ் பதிவுத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இருபது நிமிடங்கள் இருக்கும். ஒன்றும் நடக்கவில்லை; போகச் சொன்னார்கள். கொட்டாஞ்சேனை வரும்வரை வண்டிக்காரர் வானொலியைத் திரும்பவும் போடவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை, இறங்கும்போது என்னிடம் பாதிக் காசுதான் வாங்கினார்.

அந்தப் பாடலின் இரண்டாவது சரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. தேடிக் கேட்கவும் இல்லை. உங்களுடைய கோப்ரல் நல்லவராக இருந்திருக்கலாம். ஆனால் "படைக்கால நினைவுகள் இனிமையானவை" என்ற தொனியில் இழை போகும்போது, அந்த நினைவுக்கு வெளியே நின்றவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

சமிக்ஞைக்காரன் (வெள்ளவத்தை) எழுதியது:

தம்பி முச்சக்கரம், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் இனிமை என்று எங்கேயும் எழுதவில்லை என்று வாதாடலாம். ஆனால் எழுதியதில் இனிமை இருந்தது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன்.

நான் 1977இல் விலகியவன். அதற்குப் பிறகு நடந்தவற்றை நானும் உங்களைப் போல வீதியின் இந்தப் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். 1983 ஜூலையில் எங்கள் ஒழுங்கைக்குள் கூட்டம் வருகிறது என்று செய்தி வந்தபோது, அடுத்த வீட்டுச் சிங்கள அம்மா ஓடி வந்து, சுவரில் இருக்கும் சீருடைப் படத்தைக் கொண்டுபோய் வாசற்கேட்டில் மாட்டுங்கள், அதைக் கண்டால் போய்விடுவார்கள் என்று சொன்னார். படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நெடுநேரம் நின்றேன். பிறகு அதை அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குள் போய்விட்டேன். ஏன் மாட்டவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல இயலவில்லை. வீடு தப்பியது. படம் பிறகு சுவருக்குத் திரும்பவில்லை. ஈரம் பட்டு முகம் அழிந்துவிட்டது, இடுப்புப் பட்டியின் பித்தளைக் கொளுக்கி மட்டும் தெரிகிறது. அதைப் பிராசோ போட்டு நான் எவ்வளவு நேரம் தேய்த்திருப்பேன்!

மகள் வெலிங்டனுக்கு: உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதற்குப் பிறகு என் கோட்பாட்டை அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ள இயலவில்லை. வாயால் பாடுகிறவர்களுக்கு அது பொருந்தாதுதான். நாங்கள் பாடவில்லை, பாட அனுமதியில்லை, கேட்க மட்டுமே, அதுவும் ஒரு காதால்.

அலைவரிசை (தெஹிவளை) எழுதியது:

ஐயா, கோட்பாட்டைக் கைவிடுவதற்கு முன்பு சோதித்துப் பார்த்துவிடலாமே. கொழும்பில் இரவு எட்டு மணிக்குப் பிறகு, நடுத்தர அலையில் திருச்சி வானொலியைத் தேடிப் பாருங்கள், 936 கிலோஹேர்ட்ஸ். தேய்வோடுதான் வரும். கீழே வீட்டுக்குள் வைத்தால் எல்ஈடி விளக்குகளின் இரைச்சலே கேட்கும். மொட்டைமாடிக்குக் கொண்டு போங்கள். உள்ளே இருக்கும் அன்ரெனாத் தண்டு ஒரு திசையில் மட்டும் செவிடு. செட்டைக் கையில் வைத்து மெல்லச் சுற்றி, லிஃப்ட் மோட்டாரின் பக்கம் அந்தச் செவிட்டுத் திசையைத் திருப்பினால் இரைச்சல் பாதியாகக் குறையும். உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள் ஐயா. எந்தப் பாட்டு வந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சமிக்ஞைக்காரன் (வெள்ளவத்தை) எழுதியது:

சனிக்கிழமை இரவு எட்டரைக்கு, புறக்கோட்டையில் வாங்கிய புதிய பற்றரிகளைப் போட்டு, பழைய ட்ரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தாங்கிக்கும் உடுப்புக் காயப்போடும் கொடிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை இருந்தது. கடற்பக்கம் திருப்பினால் வேறொரு நிலையம் மேலே ஏறியது; தெஹிவளைப் பக்கம் திருப்பியபோது லிஃப்ட்டின் இரைச்சல் அடங்கி, தமிழ் கேட்டது.

பாட்டு வரவில்லை. நெல் வயலுக்கு யூரியாவை எந்த நாளில், எத்தனை தடவையாகப் பிரித்து இட வேண்டும் என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவைக்கான நாளைச் சொல்லத் தொடங்கினார், குரல் மெல்லத் தேய்ந்தது, நாள் கேட்கவில்லை, திரும்பி எழுந்தபோது அவர் பூச்சி மருந்துக்குப் போயிருந்தார். என் வலப்பக்கத்தில் யாரோ சற்றே சாய்ந்து உட்கார்ந்திருப்பது போலவும், இப்போது என்ன சொன்னார் என்று கேட்பது போலவும் இருந்தது. முப்பதாம் நாள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

உடுப்பு எடுக்க மேலே வந்த மகள், யாரோடு பேசுகிறீர்கள் அப்பா, பனி படுகிறது, கீழே வாருங்கள் என்று சொன்னாள். செட்டை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.